ஒன்றரை வருடம், இருபத்தைந்து டப்பா ரவை: கடலூர் வீட்டில் ஏர் பிஸ்டல் பழகிய கதை

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு பழைய காலத்து நீள வீடு. ரேழியில் நின்றால் கொல்லைச் சுவர் தெரியும். டேப் பிடித்து அளந்தேன், 40 அடி வந்தது. ஏர் பிஸ்டல் போட்டியின் தூரமான 10 மீட்டர் என்பது 33 அடிக்குச் சற்றுக் குறைவு. 2024 ஆகஸ்டில், பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய அடுத்த வாரத்தில், நான் செய்த முதல் வேலை அந்த அளவெடுப்புதான். இத்தனைக்கும் துப்பாக்கி சுடுதல் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். வளர்ந்தது குஜராத்தில் என்றாலும் எங்களுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு பாசம் உண்டு.

அன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு அறுபது ரவை, அதாவது ஏர் துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டு (பெல்லட்). இருபத்தைந்து டப்பா தீர்ந்திருக்கும், டப்பாவுக்கு 500 ரவை. பிஸ்டல் ஸ்டெய்ர் எல்பி 10, புதுச்சேரியில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிஸ்டலைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் எழுத நினைத்தது ரவையைப் பற்றி.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காக்காரர்களின் வீடியோக்களில், சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, பற்றவைக்கும் ப்ரைமரைப் புதிதாக அடித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை உட்கார வைத்து, தன் கைத்துப்பாக்கிக்கென்று ஒரு தோட்டாவைத் தானே உருவாக்குவார்கள். அதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நமக்கு அது கிடையாது. தோட்டா தயாரிப்பதற்கு ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி தனி உரிமம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்கிற பொழுதுபோக்கு அல்ல அது. யாரும் முயன்று பார்க்கவும் வேண்டாம். ஆனால் 4.5 மில்லிமீட்டர் வாயும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016 விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. என் பிஸ்டல் 0.45 கிராம் ரவையை வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 5 ஜூல்தான் வருகிறது. காற்றழுத்தத்தைப் பிஸ்டலுக்குள் இருக்கும் ரெகுலேட்டரே ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. ஆக நம் கையில் மாற்ற மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, ரவை. தோட்டாக்காரர்கள் மருந்தில் காட்டுகிற பொறுமையை நாம் ரவையில் காட்டலாம் என்று இறங்கினேன்.

ரவை என்றால் நம்மூர்க் கடையில் விற்கிற எதுவும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன். அப்படி இல்லை. போட்டிக்கான மேட்ச் ரவையின் தலை தட்டையாக இருக்கும். இலக்கு அட்டையில் பஞ்ச் அடித்த மாதிரி வட்டமாக ஓட்டை போடும். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். அந்த விரிந்த பகுதி காகிதம் போல மெல்லிசு. காற்று அடிக்கும்போது அது விரிந்து குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகளைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஒரு சின்ன நசுங்கல் இருந்தால் போதும், ரவை தள்ளாடிப் போகும். தலையின் விட்டத்தையும் 4.48, 4.49, 4.50, 4.51 என்று பிரித்து விற்கிறார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்!

இதைச் சோதிக்க ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குப் போவேன். அங்கே கோச் அண்ணன் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) தோல் வைத்த மரக்கட்டைகளுக்கு நடுவே பிஸ்டலின் உடலைப் பிடித்துக் கொடுப்பார். காற்றுச் சிலிண்டரை வைஸில் பிடிக்கவே கூடாது, 200 பார் அழுத்தம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் முதல் ஐந்து ரவையைக் கணக்கில் சேர்க்காமல், குழல் அந்த ஈயத்துக்குப் பழகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு பத்துப் பத்தாக மூன்று அட்டை. வெர்னியர் அளவுகோலில், ஆகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, அதில் 4.5-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் வரும். ஓட்டைகளின் கூட்டம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது அதுதான்.

ஆர்டபிள்யூஎஸ் கம்பெனியின் ஆர் 10, பிஸ்டலுக்கான 0.45 கிராம், தலை 4.50: மூன்று அட்டையிலும் 3 மில்லிமீட்டருக்குள். எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச்சில் 4.50-ம் 4.49-ம் கிட்டத்தட்ட அதே அளவு, என் குழலுக்கு 4.50 ஒரு நூல் மேல். பெயர் சொல்ல விரும்பாத ஓர் உள்ளூர் டப்பா: 9, 10 மில்லிமீட்டர். அந்த உள்ளூர் டப்பாவில் பத்து ரவையை நகைப்பட்டறையில் நண்பர் ஒருவரின் தராசில் நிறுத்துப் பார்த்தபோது லேசானதுக்கும் கனத்ததுக்கும் 30 மில்லிகிராம் வித்தியாசம் இருந்தது. ஆர் 10-இல் 5 மில்லிகிராம்கூட இல்லை.

இங்கேதான் நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். 10 மீட்டர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ரவையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து. அதாவது ரவையின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். உள்ளூர் ரவையின் 10 மில்லிமீட்டர் கூட்டம் மையத்தில் உட்கார்ந்தால் அத்தனையும் பத்துதான். அப்போது என் கையால் சுட்டுக்கொண்டிருந்த கூட்டம் 70 மில்லிமீட்டர். அறுபது ஷாட்டில் 600-க்கு 480-ஐத் தாண்டவில்லை. கை இவ்வளவு ஆடும்போது ரவையின் ஆட்டம் அதற்குள் கரைந்து போகிறது. கோச் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரவைய மாத்துறதுக்கு முன்னாடி மணிக்கட்டப் பாரு தம்பி. ட்ரிகர் ஐநூறு கிராமுக்குக் கொறையாம இருக்கா, வெரல் நேரா பின்னாடி வருதா, அதப் பாரு" என்றார்.

அதன்பின் ஐந்து மாதம் உள்ளூர் ரவையிலேயே பழகினேன். விலை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. புதிதாக வருகிற யாருக்கும் இதையே சொல்வேன், முதல் ஐயாயிரம் ரவைக்கு விலை பார்த்து வாங்குங்கள். ஆனால் ஒரு தொல்லை உண்டு. ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு ரவை சம்பந்தமே இல்லாமல் ஏழுக்கோ ஆறுக்கோ ஓடிவிடும். அது என் தப்பா ரவையின் தப்பா என்று தெரியாது. பழகும்போது இதைவிடக் கெடுதல் வேறில்லை. நல்லபடியாக விட்ட ஷாட் ஆறு காட்டினால் அடுத்த பத்து ஷாட்டுக்கு மனசு அதையே திருத்தப் பார்க்கும்.

இதற்கு நான் கண்ட வழி, படச்சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு கண்ணாடி. அதைத் தரையில் லேசாகச் சரித்து வைத்து ரவையை உருட்டினால், பின்பக்கம் அகலமாக இருப்பதால் அது நேராகப் போகாமல் வளைந்து உருளும். நல்ல ரவைகள் எல்லாம் ஒரே வளைவில் போகும். நசுங்கினது நொண்டியடித்துப் பாதியில் நின்றுவிடும். ஆன்லைனில் வாங்கிய ஒரு டப்பா பார்சலில் அடிபட்டு ஒரு பக்கம் ஒடுங்கி வந்தது, மாற்றித் தரவும் இல்லை. அந்த 500-இல் 60-க்கு மேல் கண்ணாடியிலேயே கழிந்தது. என் மகளுக்கு இந்த உருட்டல் வேலை மிகவும் பிடித்துவிட்டது. முடித்ததும் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவ வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. ஈயம் விளையாட்டுச் சாமான் அல்ல. ரவையை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஓதம். டிசம்பர் நடுவில் அம்மா பீரோவில் ஏதோ தேடப்போனவர், "என்னடா இது, சுண்ணாம்பு பூத்தாப்ல இருக்கு?" என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். மேட்சுக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஆர் 10. டப்பா மூடி இருந்தும், கருஞ்சாம்பல் நிறத்தில் மினுமினுக்க வேண்டிய ரவைகளின் மேல் வெள்ளைப் பொடி. விரலில் ஒட்டியது.

நான் சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். பார்த்ததும் புரிந்தது, கூடவே பதறவும் செய்தது. மரம், அதுவும் மூடின அலமாரிக்குள், அசிட்டிக் அமில ஆவியைக் கசியவிடும். ஈரமும் அந்த ஆவியும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் ஈயத்தின் மேல் ஈய கார்பனேட் பூக்கும். ஒருகாலத்தில் வெள்ளை பெயின்ட்டில் போட்ட அதே விஷப்பொடி. அம்மாவைக் கை கழுவச் சொல்லிவிட்டு, டப்பாவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினேன். எங்கள் பீரோ தாத்தா காலத்து மரபீரோ. அதில் மூன்று டப்பா இருந்தது, மூன்றும் போச்சு.

அவற்றைக் கழிப்பதற்கு முன், பூப்பு லேசாக இருந்த முப்பது ரவையைக் கையுறை போட்டு எடுத்துப் போய் வைஸில் சுட்டுப் பார்த்தோம். 3 மில்லிமீட்டர் கூட்டம் 8-ஆக விரிந்திருந்தது. 4.49-க்கும் 4.50-க்கும் இடையே நான் மாதக்கணக்கில் தேடிய வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. கடலோர ஊரில் ரவையின் தலை விட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் டப்பாவை எங்கே வைக்கிறோம் என்று பேச வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ரவையைச் சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய் தடவும் முறையையும் ஒரு டப்பாவில் செய்து பார்த்தேன். என் பிஸ்டலில் ஒரு பிரயோஜனமும் தெரியவில்லை, செய்யாதீர்கள்.

இப்போது ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, வைப்பது இரும்பு பீரோவில். ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிடுகிறேன். அடுத்த மழைக்காலம் முழுதும் கழிந்து ஜனவரியில் திறந்தபோது வாங்கின அன்று இருந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. வெள்ளை பூத்த டப்பாக்களும், அட்டைக்குப் பின்னால் ரவையைப் பிடிக்கிற ட்ராப்பில் சேர்ந்த நசுங்கிய ஈயமும் பழைய பேட்டரி எடுக்கிற வியாபாரியிடம் போயின. தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கக் கேட்டார். குழந்தைகள் இருக்கிற வீட்டு அடுப்பில் உருக்குவார் என்று தெரிந்ததால் மனசில்லாமல் மறுத்தேன்.

ட்ராப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறையில் சரிவான தகடு வைத்துச் செய்தது, அட்டையின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில். கொல்லைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அம்மாவும் மகளும் எனக்குப் பின்னால் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகே குழலில் இருந்து சேஃப்டி ஃப்ளாக்கை (துப்பாக்கி காலி என்று காட்டச் செருகும் கொடி) எடுப்பேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடுவதில்லை.

போன மாதம் அறுபது ஷாட்டில் 548. கூட்டம் 40 மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிட்டது. இந்த நிலையில்தான் நல்ல ரவைக்குக் கொடுக்கிற காசு அட்டையில் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பழக்கத்துக்குக் கண்ணாடியில் தேறிய உள்ளூர் ரவை, ஞாயிற்றுக்கிழமை மேட்ச் கணக்குக்கு ஆர் 10. ஒரே லாட் எண்ணாகப் பார்த்து நான்கு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் பத்து ரவையை வைஸில் போட்டு மறுபடி அளக்க வேண்டும், அதற்கான அட்டைகளை மகள் இப்போதே தேதி எழுதி அடுக்கி வைத்துவிட்டாள்.