கிளைடரை வயலில் இறக்கக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிற்சி: போய்வந்த அனுபவம்

போன சீசனில் 200 மீட்டர் உயரத்திலும் ஒரு தெர்மலை (மேலெழும் வெப்பக் காற்றை) விடாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அது கைவிட்டதும் கண்ணில் பட்ட முதல் வயலில் கிளைடரை (என்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்தே பறக்கும் விமானத்தை) இறக்கினேன். இறக்கை நுனி பயிரில் சிக்க, விமானம் அப்படியே சுழன்று வால் பகுதி விரிசல் விட்டது. எனக்கு அடி எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் என்ஜினும் உள்ள மோட்டார் கிளைடரில் நடத்தும் இந்த அவுட்லேண்டிங் (விமானத் தளத்துக்கு வெளியே இறங்கும்) பயிற்சியில் சேர்ந்தேன்.

முதல் நாள் காலையில் பறக்கவே இல்லை. வானிலிருந்து எடுத்த படங்களைக் காட்டி, எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டார்கள். அப்புறம் அந்த நிலங்களுக்கே நடத்திக் கூட்டிப்போனார்கள். நான் புல்வெளி என்று சொன்ன இடத்தில் பயிர் இடுப்பளவு நின்றது. இன்னொன்றின் குறுக்கே ஒற்றைக் கம்பி வேலி. படத்தில் கம்பி தெரியவே இல்லை; ஆனால் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் புல் வெளிறியும் அந்தப் பக்கம் கரும்பச்சையாகவும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாடு மேய்ந்திருக்கிறது. மின்கம்பியும் அப்படித்தான், கம்பத்தைத் தேடினால்தான் கிடைக்கும். இந்த நடைக்காகவே பயிற்சிக்குப் போகலாம்.

மதியம் பறந்தோம். பயிற்சியாளர் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைக் காகிதத்தால் மூடிவிட்டார். கிளம்பிய இடத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் அது காட்டும், கீழே இருக்கும் மேட்டு நிலத்தின் கணக்கு அதற்குத் தெரியாது. என்ஜினைக் குறைத்தார். கண்ணளவில் சுமார் 600 மீட்டரில் இறங்கும் பகுதியையும் 450இல் வயலையும் முடிவுசெய்து, 300இல் சர்க்யூட்டில் (இறங்குமுன் வயலைச் சுற்றிவரும் பாதையில்) நுழைய வேண்டும். அதற்குக் கீழே தெர்மல் தேடக் கூடாது.

முதல் முறையே சொதப்பினேன். 250 மீட்டர் வாக்கில் பக்கத்து வயல் இன்னும் நன்றாகத் தெரிய, மனம் மாறினேன். இடம் நெருக்கிவிட்டது. கடைசித் திருப்பம் போதவில்லை என்று ரடரை (வால் சுக்கானை) கூடுதலாக மிதித்தேன். வேகமும் குறைந்தது. உடனே அவர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார். ஸ்பின் (விமானம் சுழன்றபடி விழுவது) இப்படித்தான் தொடங்கும், இந்த உயரத்தில் மீள இடமே கிடையாது என்று நிதானமாகச் சொன்னார். திட்டவில்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கியது.

குறை ஒன்று உண்டு. உடலுக்குள்ளிருந்து வெளியே வரும் என்ஜின் உள்ள கிளைடர்களைப் பற்றிப் பத்து நிமிடம்தான் பேசினார்கள். வெளியே வந்த என்ஜின் ஓடாமல் நின்றால் காற்றுத் தடை கூடி விமானம் வேகமாக இறங்கும். வயலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் என்ஜினைத் தொடவே வேண்டும். இதற்கு அரை நாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும். தரை தொடுமுன் மேலேறிவிடுவதால் மண்ணில் உருளும் பழக்கமும் கிடைக்காது. அதை அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் ஆறாவது முயற்சி. வயலைச் சத்தமாகச் சொல்லிவிட்டு சர்க்யூட்டில் நுழைந்தேன். வேரியோ (ஏறுவதையும் இறங்குவதையும் ஒலியால் சொல்லும் கருவி) கீச்சிட்டது, நல்ல தெர்மல். கை தானாகச் சாயப் பார்த்தது. நேராகவே போனேன். சீசன் தொடங்குமுன் இன்னொரு நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.