காசை எண்ணும் முன் ஷூவின் ஓட்டையை எண்ணுங்கள்

சைக்கிளில் புதிதாக கிளிப்லெஸ் பெடல் (ஷூவின் அடியில் திருகும் கிளீட் என்ற துண்டைக் கவ்விப் பிடிக்கும் பெடல்) போடப்போகும் நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை. பாளையங்கோட்டைத் தம்பி ஒருவருக்கு ஒரு கடையில் நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். அங்கே செய்த வேலையைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கடையிலும் ஏமாறமாட்டீர்கள்.

அவருக்குக் கொடுத்தது ஷிமானோ கம்பெனியின் எம்520 பெடலும் ஒரு ஜோடி ரோடு சைக்கிள் ஷூவும். "ரெண்டும் சேருமா அண்ணாச்சி?" என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். "கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் ஒரே சைஸுதான் விடுதான், தைரியமா எடுத்துட்டுப் போ" என்று பதில்.

சேராது. எம்520 என்பது எஸ்பிடி வகை. அதன் கிளீட் சின்ன இரும்புத் துண்டு, ஷூவின் அடியில் இரண்டு போல்ட்டில் நிற்கும். ரோடு ஷூவின் அடியில் முக்கோணமாக மூன்று ஓட்டை இருக்கும். அது ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக் கம்பெனியின் கியோ போன்ற பெரிய பிளாஸ்டிக் கிளீட்டுக்கானது. அந்த இரண்டுமே மூன்று போல்ட்தான், ஆனாலும் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் மாட்டாது. ஷூவைத் திருப்பிப் பார்த்தால் பத்து நொடியில் முடிகிற விஷயம் இது.

திரும்பப் போனவரிடம் அடாப்டர் தகடு ஒன்றைத் தனிக்காசுக்கு விற்றிருக்கிறார்கள். அப்படி ஒரு தகடு உண்டு, மாட்டவும் செய்யும். ஆனால் எஸ்பிடி ஷூவில் கிளீட் ரப்பர் அடிக்குள் பதுங்கி இருக்கும். தகடு போட்ட ரோடு ஷூவில் இரும்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் போய் டீக்கடை சிமெண்ட் தரையில் இறங்கினால் வழுக்கும். இடையில் இறங்கி நடக்கிற சவாரிக்கு ரப்பர் அடி உள்ள இரண்டு ஓட்டை ஷூதான் சரி.

பில்லில் கிளீட்டுக்கும் தனி விலை இருந்தது. ஷிமானோ எஸ்பிடி பெடல் பெட்டிக்குள் ஒரு ஜோடி கிளீட்டும் போல்ட்டும் சேர்ந்தே வரும். ஷூவோடுதான் வராது. பெட்டியைப் பிரித்து உள்ளிருந்ததையே எடுத்து மறுபடி விற்றிருக்கிறார்கள். கூட வருவது கறுப்பு எஸ்எச்51 கிளீட். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் பெடலிலிருந்து கழலும். வண்ணாரப்பேட்டை நெரிசலில் பழகப்போகிறவர் வெள்ளி நிற எஸ்எச்56 தனியாக வாங்கினால் தப்பில்லை, பதறிக் காலை மேலே இழுத்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும்.

பெரிய நஷ்டம் கடையில் பெடலை மாட்டும்போது நடந்தது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். வலது பெடலை இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) வைத்து ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) அழுத்தித் திருகியதில் அலுமினியக் கிராங்கின் மரை போய்விட்டது. பெடல் அச்சு இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இனி மரைக்கு இன்செர்ட் (புது மரை உள்ள உலோகக் குழல்) போட வேண்டும், இல்லையென்றால் புதுக் கிராங்க் கை. அச்சில் ஆர், எல் என்று எழுத்து இருக்கும். கிரீஸ் தடவி, மூன்று நான்கு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகுதான் 8 மி.மீ. ஆலன் கீ. இரண்டு பக்கமும் வண்டியின் முன்பக்கம் நோக்கிச் சுற்றினால் இறுகும்.

கிளீட் போல்ட்டுக்கு 4 மி.மீ. கீ, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம், கொஞ்சம் கிரீஸ். கிரீஸ் இல்லாமல் மாட்டினால் வியர்வையிலும் மழையிலும் துருப்பிடித்து, கழற்றும்போது போல்ட் தலை தேய்ந்துபோகும். தளர்வாக விட்டாலோ இன்னும் ஆபத்து: ஒரு போல்ட் கழன்று விழுந்தால் குதிகாலைத் திருப்பும்போது ஷூவோடு கிளீட் திரும்பாது, பெடலிலேயே நிற்கும். கால் மாட்டிக்கொள்ளும். சிக்னலில் பஸ் பக்கத்தில் அப்படிச் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளீட்டைக் கவ்வும் பெடல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை 3 மி.மீ. கீயால் இடப்பக்கம் சுற்றிக் குறைத்துவிட்டுப் பழகுங்கள். எம்520-இல் பெடலுக்கு இரண்டு முகம் என்பதால் நான்கு இடத்திலும் ஒரே அளவு குறைக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒரு முகத்தை மட்டும் தொட்டுவிட்டு விடுவது வழக்கம்.

ஷூ அளவைச் செருப்பு நம்பரை வைத்து எடுக்காதீர்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில், சென்டிமீட்டரில் அளந்து கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஷிமானோவில் 42 என்றால் 26.5 செ.மீ.

பில்லில் பெடல், ஷூ இரண்டின் மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். பெட்டி மேல் அச்சிட்ட விலையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்பைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்ப எடுக்கும் கெடு பில்லில் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. மரை போன கிராங்கை யாரும் சரிசெய்வதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள், அதுதான் சாட்சி.