ஏழு வருஷமாகக் கையில் இருக்கும் சைக்கிள் டூல் பெட்டி: பரிசாகக் கொடுக்கலாமா?

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருவர் செல்போனை நீட்டினார். "அண்ணா, எங்க வீட்டுக்காரருக்குப் பொறந்த நாள் வருதுங்க. லீவு நாளானா சைக்கிளப் பிரிச்சுப் போட்டு உக்காந்துக்குவாரு. இந்த டூல் பெட்டி விலை கொறஞ்சிருக்குதுங்க, வாங்கட்டுங்களா?" என்றார். படத்தில் இருந்தது என் வீட்டுப் பெட்டியேதான். அதே கறுப்பு பிளாஸ்டிக், அதே 18 சாமான். வாங்கு என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம். வெவ்வேறு பேரில் இதே பெட்டிதான் எங்கும் விற்கிறது.

2018 தீபாவளிக்கு மச்சினன் வாங்கிக் கொடுத்தது. கோவையில் எங்கள் வீட்டில் மூன்று சைக்கிள்கள்: நான் ஓட்டும் ஹைப்ரிட், மகளின் கியர் சைக்கிள், அப்பாவின் 28 அங்குலப் பழைய கறுப்பு சைக்கிள். மூன்றையும் நானேதான் பார்த்துக்கொள்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருக்கும் செயின் கழற்றி பத்துப் பன்னிரண்டு செயின்களைப் பார்த்துவிட்டது, அதன் ஊசி இன்னும் வளையவில்லை. பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை எடுக்கும் ஃப்ரீவீல் கழற்றி அருமை. பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கைக் கழற்றும் புல்லர் அதைவிட அருமை. அதைப் பழகியவர்களுக்குத் தெரியும், வெளி மரையை முழு ஆழத்துக்கு ஏற்றிய பிறகுதான் நடுத்தண்டைத் திருக வேண்டும். பாதியில் அவசரப்பட்டால் அலுமினியக் கிராங்கின் மரை சுருள் சுருளாக உரிந்து வந்துவிடும். இந்தப் புல்லரின் மரை அவ்வளவு சுத்தமாக ஏறுவதால் அக்கம்பக்கத்துப் பையன்களுக்கும் நம்பிக் கொடுக்கிறேன். பெடல் ஸ்பேனர்தான் குட்டை. இறுகிப்போன பெடலுக்கு அந்த நீளம் பத்தாது. இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்தவர் கையில் கொடுத்தால் இன்னும் மோசம். அப்பா சைக்கிளின் கோட்டர் பின்னுக்கு (கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு) இதில் ஒன்றுமே இல்லை. சுத்தியலும் கீழே முட்டுக் கொடுக்க ஒரு இரும்புக் குழாயும்தான்.

இப்போது அந்த 5 மி.மீ. ஆலன் கீ, அதாவது தலையில் அறுகோணக் குழி இருக்கும் போல்ட்டைத் திருகும் வளைந்த சாவி.

2021-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் சைக்கிளுக்குப் பின் பிரேக் கேபிள் மாற்ற உட்கார்ந்தேன். வி-பிரேக்கில் (சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் இரண்டு கைகள் இறுக்கும் பிரேக்) கேபிளைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுக்கு 5 மி.மீ. கீ வேண்டும். சைக்கிளில் அதிகம் தேவைப்படுவது 4, 5, 6 மூன்றும்தான், அதிலும் 5-க்குத்தான் வேலை ஜாஸ்தி. கீயைச் செருகி அழுத்தினேன். 'க்ரக்' என்று ஒரு சின்னச் சத்தம். போல்ட் அசையவில்லை, கீ மட்டும் சுற்றியது. எடுத்துப் பார்த்தால் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. போல்ட்டின் தலையில் இருந்த அறுகோணக் குழியையும் வட்டமாக்கிவிட்டது.

மறுநாள் கோவை கணபதி பகுதியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் போல்ட்டைப் பார்க்கவே இல்லை, முதலில் கீயைக் கேட்டார். வைஸில் பிடித்து அரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். வெண்ணெயில் ஓடுவதுபோல அரம் பாய்ந்தது. "இதுல டெம்பரே இல்லைங்க. நல்ல கீன்னா அரம் வழுக்கோணும்" என்றார். டெம்பர் என்றால் எஃகைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவது. டிரில் போட்டுப் போல்ட் தலையை எடுத்து, மீதியைக் கழற்றிக் கொடுத்தார். பிரேக்கின் கை ஒரு கீறலோடு தப்பித்தது. மகள் அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் ஸ்கூல் போனாள்.

இது வெறும் தேய்மானம் இல்லை. ஸ்பேனர் தேய்ந்தால் ஸ்பேனரோடு போகும். டெம்பர் இல்லாத ஆலன் கீ தன்னோடு போல்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். வாரத்துக்கு நாலு தடவை எடுக்கிற சாமானில் காசை மிச்சம் பிடித்து, வருஷத்துக்கு ஒருதடவை எடுக்கிற புல்லரில் செலவழித்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே ஹார்ட்வேர் கடையில் தபாரியா கம்பெனி ஆலன் கீ செட் வாங்கினேன். இன்றுவரை ஒரு முனை மழுங்கவில்லை. ஆனால் அதை அந்தப் பெட்டியில் வைக்க முடியாது! ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் அச்சில் பள்ளம் வார்த்திருக்கிறார்கள். வேறு எதுவும் உட்காராது. வைத்து அழுத்தினால் மூடி மூடாது. கெட்டுப்போன சாமானுக்கு மட்டும் நிரந்தரமாக இடம் ஒதுக்கிய பெட்டி அது. இப்போது நல்ல சாமானெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

பெட்டியில் இருக்கும் ஸ்டார் திருப்புளியும் அந்த ஆலன் கீ மாதிரிதான். ஷிமானோ போன்ற ஜப்பானிய பாகங்களில் டீரெய்லரின் (கியர் மாறும்போது செயினை நகர்த்தும் பாகம்) எல்லைத் திருகுகள் பல, ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வெட்டில் வருபவை. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண ஸ்டார் திருப்புளியைப் போட்டால் மேலே எழும்பி எழும்பி வந்து திருகின் வாயைச் சிதைக்கும்.

சரி, அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? கேபிள் கட்டர். தனியாக, அது ஒன்று மட்டும். என்னுடையதை வீட்டம்மா 2022-ல் 1,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார்.

பிரேக் கேபிள் 1.6 மி.மீ.தான், ஆனால் ஒற்றைக் கம்பி இல்லை, பல மெல்லிய இழைகள் முறுக்கியது. கட்டிங் பிளேயரால் வெட்டினால் இரண்டு பக்கமும் நசுங்கி, இழைகள் துடைப்பம்போல விரிந்துவிடும். அப்புறம் அது உறைக்குள் நுழையாது. விரலில் ஏறினால் முள்ளைவிட மோசம். கேபிள் கட்டரின் வாய் இரண்டு பிறைகள்போல இருக்கும். வெட்டுவதற்கு முன் கேபிளை நாலு பக்கமும் அணைத்துக்கொள்ளும், இழைகள் ஓட இடமே கிடையாது. 'டக்'. அவ்வளவுதான். வெட்டிய முனையை விரலால் தடவிப் பார்த்தேன், பென்சில் அடிப்பக்கம்போல வழவழவென்று இருந்தது. முதல் நாள் தேவையே இல்லாமல் பழைய கேபிளை எடுத்து அரை அரை அங்குலமாக வெட்டிக்கொண்டே இருந்தேன். உறையும் நசுங்காமல் வெட்டுப்படுவதால் கியர் மாறுவதே இலகுவாகிவிட்டது.

வீட்டில் சைக்கிள் பார்க்கிற யாரும் இதைத் தானாக வாங்குவதில்லை. பிளேயர் இருக்கிறதே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போவோம். பரிசாக வந்தால்தான் உண்டு.

காசு குறைவாக இருந்தால் ஒரு ஒரு அடி எஃகு ஸ்கேல் கொடுங்கள். செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே அரை அங்குலம். 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்ற நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். இதற்கென்றே விற்கும் அளவுகோலும் நல்லதுதான், ஆனால் ஸ்கேலே போதும்.

எண்ணிப் பார்த்தால் அந்தப் பெட்டியில் 18-க்கு 13 சாமான் ஏழு வருஷம் கழித்தும் வேலை செய்கிறது. 2,500 ரூபாய்க்கு அது குறைவில்லை என்று யாரும் சொல்லலாம், நானும் மறுக்க மாட்டேன். இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த 5 மி.மீ. கீயை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு இல்லை.

கட்டர் ஆர்டர் போட்டுவிட்டதாக நேற்று சொன்னார். சக்கரத்தின் போக்ஸ் கம்பி, ஆணி, கட்டுக்கம்பி எதையும் அதில் வெட்ட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லச் சொன்னேன். எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பியை யாரோ அதில் வெட்டிவிட்டார்கள். வாயின் நுனியில் அரிசி முனை அளவுக்கு ஒரு பொத்தல் விழுந்திருக்கிறது. அதிலிருந்து கைப்பிடியில் வெள்ளை பெயிண்டால் 'கேபிளுக்கு மட்டும்' என்று எழுதி, பிஸ்கட் டின்னில் வைக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.