மண்பானை மெஸ்காலும் செம்பு வாலை மெஸ்காலும்
மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில், சாந்தியாகோ மத்தத்லான் ஊரார் பெரும்பாலும் செம்பு வாலையிலும் (வடிகலனிலும்), சாந்தா கத்தரீனா மீனாஸ் ஊரார் மண்பானையிலும் மெஸ்கால் என்னும் மதுவை வடிக்கின்றனர். மடல் சீவிய அகேவ் கற்றாழையின் அடித்தண்டைக் குழியில் சுட்ட கற்களின்மேல் அடுக்கி, மண்ணால் மூடிப் பல நாள் வேகவைப்பதால், புகைமணம் இரண்டுக்கும் பொது.

வேறுபாடு அதன்பின் தொடங்குகிறது. மத்தத்லானில் குதிரை இழுக்கும் கல்லுருளை தண்டை நசுக்க, மீனாஸில் பலர் மரச் சம்மட்டியால் இடிக்கின்றனர். வடிக்கும்போது செம்பானது கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்வதால் சுவை தெளிகிறது. மண்பானையிலோ மெல்லிய மண்வாசம் தங்குகிறது, எனக்கு அதுவே உயர்வாகப்படுகிறது. ஆனால் பானை சிறியது, எளிதில் விரிசல் விடுவது. ஆகவே விலையும் கூடும். மெக்சிகோவின் 2016ஆம் ஆண்டுத் தரவிதிப்படி, மண்பானையில், நசுக்கிய தண்டின் நாரோடு சேர்த்து வடித்தாலே ‘மூதாதையர் முறை’ என்று குறிப்பிடலாம். செம்பு வாலைச் சரக்கு ‘கைவினை’ வகையில் சேரும்.