7,400 ரேண்ட் போச்சு: தென்னாப்பிரிக்கா டர்பன்ல பாறை, கடல் பேக்கேஜ் எடுக்கறவங்க இதைப் படிச்சுட்டு எடுங்க

நேத்து ராத்திரி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். இனிமே அந்தப் பணம் வராது. 7,400 ரேண்ட். நாலு பேருக்கு, ஆளுக்கு 1,850.

எந்தக் கம்பெனின்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, பேர் சொல்லப் போறதில்லை. கடை கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் நம்பர், சூரிய உதயத்துல பாறை உச்சியில கை விரிச்சு நிக்கற போட்டோக்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி நிறைய பேர் முளைச்சிருக்காங்க.

பேக்கேஜ் இதுதான். சனிக்கிழமை மான்டசீல்ல பாறை ஏறி, கயிறுல இறங்கறது. ஞாயித்துக்கிழமை வெட்ச்சஸ் பீச்ல கயாக், அதான் துடுப்புப் போடற சின்னப் படகு. "முதல் தடவை வர்றவங்களுக்கு மட்டும்"னு பெருசா போட்டிருந்தாங்க. கோயம்புத்தூர்ல இருந்து லீவுக்கு வந்த அக்கா பசங்க ரெண்டு பேரு, அவங்க ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேரு. நாலு பேருமே கயிறைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இடத்துல குத்தம் சொல்ல முடியாது. மான்டசீல் ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கைப் பார்த்த மணற்பாறை, ஏறக் கத்துக்க அருமையான இடம். வெட்ச்சஸ்ல அந்தப் பழைய கல்வரிசை அலையை உடைச்சு விடறதால, புதுசா படகுல உக்கார்றவங்களுக்கு ஏத்த தண்ணி.

ஃபோன்ல மூணே கேள்விதான் கேட்டேன். ஒரு கைடுக்கு எத்தனை பேரு? கயிறுல இறங்கும்போது ரெண்டாவது கயிறு உண்டா? கைடு பதிவு பண்ணினவரா? மூணுக்கும் "ஆமா"ன்னுதான் பதில். முதல் கேள்விக்கு எப்படி ஆமான்னு பதில் வரும்? அப்பவே உறைச்சிருக்கணும். ஆனா அதுக்குள்ள அவன் உடைஞ்ச தமிழ்ல, "எங்க ஆயா வீட்ல தமிழ்தான் பேசும். சாப்டாச்சா அண்ணா?"ன்னான். அங்கதான் விழுந்தேன். நம்ம ஆளுங்க இங்க கப்பலேறி வந்து நூத்தி அறுபது வருஷம் கழிச்சும் சாப்டாச்சான்னு கேக்கற பையன் ஏமாத்துவானா! இப்பவே முழுசா கட்டினா 1,850, பாதி இப்ப பாதி அப்புறம்னா 2,100ன்னான். அஞ்சு நிமிஷத்துல இ.எஃப்.டி. (பேங்க் டிரான்ஸ்ஃபர்) பண்ணேன், உடனே போய்ச் சேர பேங்க்குக்குத் தனிக் கட்டணம் வேற. ரெண்டு கை கூப்பின எமோஜி வந்துது.

சனிக்கிழமை வந்தது வேற ஒரு பையன். கைடு பேட்ஜ் கேட்டேன், "கார்ல இருக்கு அங்கிள்"ன்னான். கார்லயும் இல்லை.

ஹார்னஸ்ல, அதான் இடுப்புலயும் தொடையிலயும் மாட்டற பட்டையில, லேபிள் தேய்ஞ்சு வெள்ளையா போயிருந்துது. எப்ப தயாரிச்சதுன்னே தெரியாது. நார்ப்பட்டையில செஞ்ச சாமானுக்கு, பையிலயே மடிச்சு வெச்சிருந்தாலும், பெரும்பாலான கம்பெனிகள் பத்து வருஷத்துக்கு மேல ஆயுசு தர்றதில்லை. தொடைப் பட்டையில தையல் நூல் பிரிஞ்சு, பூனை மீசை மாதிரி நாலு இழை நீட்டிக்கிட்டிருந்துது. பையன் அதை இடுப்பெலும்புக்குக் கீழ, தொளதொள டி-ஷர்ட் மேலயே மாட்டி விட்டான். தலைகீழா கவிழ்ந்தா ஆள் அப்படியே உருவிக்கிட்டுப் போயிடுவாங்க. பட்டை இடுப்பெலும்புக்கு மேல உக்காரணும். விரிச்ச கை உள்ள நுழையணும், முஷ்டி மடக்கினா வெளிய வரக்கூடாது. ஹெல்மெட் கட்டட வேலைக்குப் போடறது, தாடைப் பட்டை கூட இல்லை. ஊஞ்சலாடி பக்கவாட்டுல பாறையில மோதினா முதல்ல கழண்டு விழறது அதுதான்.

மேல கயிறைக் கட்டற நங்கூரத்தைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. ஒரு மரம், அதைச் சுத்தி ஒரு ஸ்லிங் (நார்ப்பட்டை வளையம்), ஒரு காரபினர் (உலோகக் கொக்கி). அதுவும் பூட்டு இல்லாதது. கயிறு உரசி அழுத்தினாலே அதோட வாய் திறந்துக்கும். குறைஞ்சது ரெண்டு தனித்தனிப் பிடிமானம் வேணும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு குலுக்கல் இல்லாம பாரத்தை வாங்கற மாதிரி கட்டியிருக்கணும். விளிம்புல கயிறுக்கு அடியில ஒரு மெத்தைத் துணி கூட இல்லை. புதுசா இறங்கறவங்க நேரா இறங்க மாட்டாங்க, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுவாங்க. அப்ப மணற்பாறை விளிம்பு கயிறுக்கு உப்புத்தாள்தான்.

எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு, கயிறு ஒண்ணே ஒண்ணுதான். முதல் தடவை இறங்கறவங்க பயந்தா கயிறைப் பிடிச்சு வேகத்தைக் கட்டுப்படுத்தற கீழ்க்கையை விட்டுடுவாங்க, இது எப்பவும் நடக்கறது. இல்லன்னா தலைமுடியோ டி-ஷர்ட் நுனியோ ஃபிகர் எயிட்ல (கயிறு ஓடற எட்டு வடிவ உலோக வளையம்) போய்ச் சிக்கிக்கும், பாதி பாறையில தொங்குவாங்க. மேல இருந்து கைடு பிடிச்சிருக்கற ரெண்டாவது கயிறு இருந்தா விழ விடாம நிறுத்தலாம், பாரத்தை அதுல மாத்திச் சிக்கெடுக்கலாம். அது இல்லன்னா அந்தரத்துல நிக்கற பிள்ளையை மேல இருந்து வேடிக்கைதான் பாக்கணும். கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்லை அங்கிள்."

ஒருத்தரையும் இறங்க விடல. பதினொரு மணிக்கு வீட்ல இருந்தோம்.

ஞாயித்துக்கிழமை காலை 5:50க்கு மெசேஜ்: காத்து அதிகம், கேன்சல். ஏழு மணிக்கு வெட்ச்சஸ் போய்ப் பார்த்தா தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்கு. இங்க வடகிழக்குக் காத்து பெரும்பாலும் பொழுது ஏறினதுக்கு அப்புறம்தான் வலுக்கும், அதனாலதான் விவரமானவங்க விடியக்காலையில படகு தள்றாங்க. தென்மேற்குக் காத்து திடுதிப்புனு மாறி அடிச்சா யாரும் போகக் கூடாது, சரிதான். அன்னிக்கு அதுவும் இல்லை. கயாக் வாடகைக்குக் குடுக்கற இடத்துல விசாரிச்சேன். அந்தப் பேர்ல புக்கிங்கே இல்லையாம்.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. ஏழு வேலை நாள்ல பணம் வரும். எட்டாவது நாள், கணக்கு பாக்கற அக்கா லீவு. அப்புறம் டிசம்பர் வரைக்கும் செல்லற வவுச்சர். பசங்க ஊருக்குத் திரும்பறாங்கப்பான்னா, "வேற யாருக்காவது குடுங்க." கடைசியில, சனிக்கிழமை நீங்களா வேண்டாம்னீங்க, ஞாயிறு வானிலை, ரெண்டுமே ஃபாரத்துல இருக்கு. பார்க்கிங்ல நின்னுக்கிட்டே ஃபோன் திரையில விரலால கையெழுத்து வாங்கின ஃபாரம்! "அண்ணா" போய் "சார்" ஆச்சு. நேத்துல இருந்து ஒத்தை டிக்தான்.

அந்த ஃபாரம் என்ன சொன்னாலும், இங்க 2008ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி (68ஆம் எண்) படுமோசமான கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லைன்னு எழுதி வாங்கினா செல்லாது. சின்னத் தொகைக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல 2019ல இருந்து 20,000 ரேண்ட் வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வெச்சுக்க முடியாது, தேவையும் இல்லை. முதல்ல பதினாலு நாள் கெடு வெச்சு டிமாண்ட் லெட்டர் குடுக்கணும். யாருக்குக் குடுக்கறது? கையில இருக்கறது ஒரு நம்பர், பேங்க் அக்கவுண்ட்ல ஒரு தனி ஆள் பேர். விலாசம் இல்லாம 7,400 ரேண்டுக்கு எந்தக் கதவைத் தட்டறது?

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன். கோவத்துல ஒண்ணும் ஓடல. முழுப் பணத்தை முன்னாடி கட்டாதீங்க. கைடுகளைப் பதிவு பண்ற மாகாண ரெஜிஸ்ட்ரார் குடுத்த கைடு பேட்ஜையும் கார்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அதைக் கையிலயே வெச்சிருக்கணும்னு சட்டம். ரெண்டாவது கயிறு கண்ணுல படலன்னா விளிம்புக்குப் போகாதீங்க. கயாக்ல லைஃப் ஜாக்கெட்டைத் தோள்ல பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, காதுக்கு வந்தா அது உங்க அளவு இல்லை. அலையில படகு குறுக்கால திரும்பிட்டா படகுக்கும் கரைக்கும் நடுவுல நிக்கவே நிக்காதீங்க, தண்ணி ரொம்பின கயாக் முட்டியை உடைச்சிடும்.

மிச்சம் அப்புறம். பசங்களை ஏர்போர்ட்ல விடணும்.