விழாக்களுக்கு அனுப்பித் தருகிறோம் என்றார்கள், 23,600 ரூபாய் போச்சு

என் குறும்படத்தைத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர்களிடமிருந்து நேற்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்த கடைசி பதில்: "சேவை நிறைவடைந்தது. டிக்கெட் மூடப்பட்டது." டிக்கெட் என்பது என் புகாருக்கு அவர்கள் போட்ட எண். ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். களிமண் பொம்மை, காகித வெட்டு, கையால் வரைவது என்று தனி ஆளாக அனிமேஷன் செய்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள். என்னென்ன பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் விவரமாகவே எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு நம் குறும்படத்தை உலகத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவை. இந்த அடையாளம் போதும், இந்த மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் படம் ஆறு நிமிஷம். பனையோலைப் பெட்டி முடைகிற ஒரு ஆச்சியின் கதை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் எடுத்தது. களிமண் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுக்க வேண்டும். விநாடிக்கு 12 போட்டோ, ஆறு நிமிஷத்துக்கு 4,320 போட்டோ. பகலில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற வேலை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆச்சி. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் மூன்று நாலு விநாடிதான் தேறும். ஃபேன் போட முடியாது, போட்டால் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி வைத்த ஓலை ஆடிவிடும். ஃபேன் போடாவிட்டால் விளக்குச் சூட்டில் களிமண் இளகி, உள்ளே அலுமினியக் கம்பி இருந்தும் ஆச்சியின் விரல் தானாகத் தொய்ந்துவிடும். கரண்ட் ஏறி இறங்கினால் வெளிச்சம் துடிக்கும், அந்த ஷாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். இப்படிப் பதினாலு மாசம்.

இதை எல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் ஒரு அறைக்குள் தனியாக இருந்துவிட்டு வெளியே வரும்போது, யாராவது ஒருத்தர் படத்தை உட்கார்ந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருக்கும். அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மே மாசம் ஒரு மத்தியானம் போன் வந்தது. படத்தின் ரகசிய லிங்க்கை நான்தான் முந்தின நாள் அவர்களுடைய படிவத்தில் போட்டிருந்தேன். பேசியவர் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மேடம், மூணாவது நிமிஷத்துல ஆச்சி திரும்பிப் பார்க்கிறப்ப கன்னத்துல ஒரு கட்டைவிரல் ரேகை தெரியுதே, அதை அழிக்காம விட்டீங்க பாருங்க, அங்க நான் விழுந்துட்டேன்" என்றார்.

களிமண்ணில் ஒவ்வொரு போட்டோவுக்கும் கை படும், அதனால் மேல்பரப்பு ஊர்ந்துகொண்டே இருக்கும். கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து வழவழப்பாக்குவது வழக்கம். அந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே தேய்க்காமல் விட்டேன். வீட்டில் இருந்தவர்கள்கூட அதைக் கவனிக்கவில்லை. இவர் கவனித்திருக்கிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே பணம் அனுப்பினேன். 20,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி 3,600, மொத்தம் 23,600. ஏலச்சீட்டு எடுத்து, புது லென்ஸுக்கு என்று வைத்திருந்த காசு.

அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஏட்டி, படம் நல்லாருக்குன்னு சொன்னா அவன்லா நமக்குக் காசு தரணும்? நீ ஏன் குடுக்க?" அம்மாவுக்கு சினிமா தெரியாது என்று சிரித்தேன்.

25 விழாக்களின் பட்டியல் வந்தது. முதல் வரியிலேயே ஆன்சி. பிரான்சில் 1960-லிருந்து நடக்கும் அனிமேஷன் விழா, இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் அது ஒரு கனவு. அந்தப் பெயரைப் பார்த்ததோடு என் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஆன்சி நடப்பது ஜூனில், நான் பணம் கட்டியது மே மாசம். படங்களை வாங்கும் தேதி எப்போதோ முடிந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். மீதியில் பாதிக்கு மேல் மாசாமாசம் நடக்கும் "விழாக்கள்". தியேட்டரும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது, நுழைவுக் கட்டணம் கட்டினால் இரண்டு பக்கமும் இலை போட்ட ஒரு பரிசு முத்திரை மெயிலில் வரும். கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனிக்காசு.

ஜூன் போனது, ஜூலையும் போனது. போன் பண்ணினால், "சார் கான்ஸ் போயிருக்காங்க." கான்ஸ் திரைப்பட விழா மே மாசமே முடிந்துவிடும், ஜூலையில் அங்கே என்ன செய்கிறார், கடலில் குளிக்கிறாரா? அடுத்த வாரம், "சார் ஜூரியில இருக்காங்க." அதற்கடுத்து டிக்கெட் எண், 72 மணி நேரத்தில் பதில் வருமாம். 72 மணி நேரம் கழித்து வேறொரு டிக்கெட் எண். ஒரு தடவை, மே மாசம் என்னைப் பாராட்டிப் பேசிய அந்த சாரே எடுத்துவிட்டார். குரலில் அந்தப் பழைய தேன் இல்லை. "ஆர்ட்டிஸ்ட்டுன்னா பொறுமை வேணும் மேடம்" என்றார். பதினாலு மாசம் ஓலை நறுக்கினவளுக்குப் பொறுமைப் பாடம்!

விழாவில் பதிந்தால் பெரும்பாலும் ஒரு பதிவு எண் வரும், அதைக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் வேறு யாருடைய படத்தின் பெயரோ இருந்தது. அவரும் 23,600 கட்டியிருப்பார், பாவம்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து ஒவ்வொன்றாகத் தோண்டினேன். ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் வேறு ஊரில் ஒரு டைல்ஸ் கடை வருகிறது. அவர்களுக்கென்று கொடுத்த லிங்க்குக்குத் தனிக் கணக்கு உண்டு, யார் எப்போது பார்த்தார்கள் என்று காட்டும். அவர் போன் பண்ணிய அந்த மே மாச நாள் வரை பார்த்தவர்கள்: பூஜ்யம். அப்படியானால் ரேகை? நான்தான் மார்ச்சில் ஆச்சியின் முகத்தைப் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டு, "மூணாவது நிமிஷத்தில் என் கட்டைவிரல் இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை" என்று எழுதியிருந்தேன். அதைத்தான் எனக்கே திருப்பி வாசித்திருக்கிறார். 23,600 ரூபாய் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. விழாவுக்கு என்று கொடுத்த முழுப் பட ஃபைலை அவர்களுடைய வீடியோ சேனலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். இணையத்தில் பொதுவில் வந்த படத்தைப் பல நல்ல விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் பதினாலாவது பத்தியில் "விளம்பரக் காட்சி"க்கு நானே சம்மதித்திருக்கிறேனாம். போய்ப் பார்த்தேன், இருக்கிறது, எறும்பு எழுத்தில். காப்புரிமைப் புகார் கொடுத்து அதை எடுக்க வைக்க 19 நாள் ஆனது.

இணையப் பண மோசடிக்கான புகார் எண் 1930-க்குப் போன் பண்ணினேன். புகாரை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பணம் போய் நாலு மாசம் ஆகிவிட்டது. பணம் போன சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணில் பேசினால்தான் பிடித்து நிறுத்த வாய்ப்பு அதிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறேன், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுவேன் என்றேன், கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். பாராட்டிப் பேசினால் முதலில் லிங்க் கணக்கைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. பட்டியலில் உள்ள விழாக்களின் தேதியை அந்தந்த விழாவின் சொந்தத் தளத்தில் பாருங்கள், முடிந்தால் நீங்களே அனுப்புங்கள். ரகசிய லிங்க் மட்டும் கொடுங்கள், முழுப் பட ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இருபது நிமிஷமாகக் காத்திருக்கிறேன், இப்போதுதான் எடுக்கிறார்கள். வைக்கிறேன்.