கிட்டா, ரத்தப் பரிசோதனையா?

மாதவிடாய் நாள் தள்ளிப்போன மறுநாள் காலையிலேயே, கர்ப்பமா என்று வீட்டிலேயே சிறுநீரை வைத்துச் சொல்லும் கிட்டில் பார்த்துவிட்டேன். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி பக்கம் பளிச்சென்று கோடு. கர்ப்பத்தைக் காட்டும் டி பக்கம், பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்த மாதிரி ஒரு தடம். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை. ரத்தம் கொடுத்த பிறகுதான் தெளிந்தது. அதனால் என் ஓட்டு ரத்தப் பரிசோதனைக்கே.

கிட் மட்டம் என்று சொல்லவில்லை. கையோடு முடிகிற வேலை, யாருக்கும் தெரியாது. குறித்த நேரத்துக்குள் நிறத்தோடு வரும் கோடு, மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் பாசிட்டிவ்தான். ஆனால் நேரம் கடந்து பார்த்தால் சிறுநீர் காய்ந்த தடமே சாம்பல் கோடாகத் தெரியும். கருத்தரிப்புச் சிகிச்சையில் ஹெச்சிஜி (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன், கிட் தேடுவதும் இதைத்தான்) ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே 10, 14 நாள் வரைகூடக் கோடு காட்டிவிடலாம்.

என்னை ரத்தப் பரிசோதனை பக்கம் சாய்த்தது, அது தரும் எண். பல கிட்டுகளுக்கு ஹெச்சிஜி மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவாவது வேண்டும். ரத்தத்தில் 5-லிருந்தே தெரியும். கருமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாளுக்குள் கரு எப்போது வேண்டுமானாலும் பதியலாம். தாமதமாகப் பதிந்தால், நாள் தள்ளிய அன்று கிட் நெகட்டிவ் காட்டுவதில் அதிசயமில்லை. எனக்கு முதலில் 38; 48 மணி நேரம் கழித்து 81. ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். ஒற்றை எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை, ஏறும் வேகம்தான் கணக்கு. ஏற்றம் மந்தமானால் கரு நிலைக்கவில்லையோ, கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிட்டதோ என்று மருத்துவர் பார்ப்பார். கிட்டோ அப்போதும் அதே இரண்டு கோட்டைத்தான் காட்டும். ஒன்று கவனியுங்கள்: ஆம், இல்லை என்று மட்டும் சொல்கிற ரத்தப் பரிசோதனையும் உண்டு. எண்ணாகத் தரும் பீட்டா ஹெச்சிஜி அளவு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மாதவிடாய்ச் சுழற்சி 28 நாள் தவறாது. பிசிஓஎஸ் (மாதவிடாயை ஒழுங்கில்லாமல் ஆக்கும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு எந்த நாள் தள்ளிப்போனது என்பதே குழப்பம், என் கணக்கு அவர்களுக்குச் சரிவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உறவு கொண்டு 21 நாளாவது கழித்துப் பார்ப்பது அவர்களுக்குத் தோது.

கரு எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கடைசி மாதவிடாயிலிருந்து 5 வாரம் ஆனால் கர்ப்பப்பைக்குள் கரு வளரும் சிறு பை தெரியத் தொடங்கும், துடிப்புக்கு 6 வாரம் தாண்ட வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே போய் வெறுங்கையோடு திரும்பியவள் நான். ஆனால் ஒரு பக்கமாக அடிவயிறு வலித்து, ரத்தக்கசிவோ மயக்கமோ வந்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.